பகிடிவதையும் குப்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பல வருடங்களுக்கு முன், இலங்கையில் நான் படிப்பித்த பல்கலைக்கழகத்தில், வன்னிப் பக்கத்திலிருந்து வந்த முதலாம் வருடப் பிள்ளை ஒருவன் என் அறைக்கு வந்தான். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை, காலில் பாட்டா, அதாவது ரப்பர் செருப்பு. பெயரைக் கேட்டேன். சீனியர்கள் வைத்த பட்டப்பெயர்தான் முதலில் வாயில் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பிறகு சொந்தப் பெயரைச் சொன்னான். சீனியர்கள் செய்யும் பகிடிவதை, அதாவது ராகிங், பற்றி முறைப்பாடு எழுதித் தரச் சொன்னேன். “வேண்டாம் சேர், பிறகு எனக்குக் குப்பி கிடைக்காது” என்றான்.

கம்பஸ் பக்கம் போனவர்களுக்குக் குப்பி தெரியும். சோதனைக்கு முன் சீனியரோ கூடப் படிக்கும் கெட்டிக்காரனோ எல்லோரையும் கூட்டி வைத்துப் பாடம் சொல்லித் தருவது. பள்ளிக்கூடத்தில் 13 வருடம் தமிழில் படித்த பிள்ளை, இங்கே திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறது. பாதி விளங்காது. குப்பியில்தான் விளங்கும். பழைய வினாத்தாள் தருவதும் போர்டிங் பிடித்துத் தருவதும் அதே அண்ணாமார்தான். இரவில் முழங்காலில் நிறுத்தியதும் அவர்களேதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாங்கள் செய்யாமல் விட்ட வேலையை அவர்கள் செய்து, அதற்குக் கூலி வாங்கினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவிக்கு அதன்பிறகு நடக்கவே முடியவில்லை. 1997இல் அங்கேயே பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர், அளவுமீறி உடற்பயிற்சி செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை, கடுங்காயம் அல்லது பாலியல் தொல்லை என்றால் 10 வருடம் வரை. அப்படியிருந்தும் 2020இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் மோதி ஒரு முதலாம் வருட மாணவர் தலையில் படுகாயமடைந்தார்.

வீட்டிலும் என்ன சொல்கிறோம்? “ஒரு மூன்று மாதம் பல்லைக் கடி ராசா, பிறகு எல்லாம் சரியாயிடும்.” சரியாகத்தான் போகிறது! என் அறைக்கு வந்த அதே பிள்ளையை அடுத்த வருடம் கன்டீனுக்குப் பின்னால் கண்டேன். புதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். “நாங்கள் வாங்கினதைத்தானே சேர் குடுக்கிறம். இது உபகலாசாரம். பணக்காரப் பிள்ளையும் பாட்டாதான் போட வேணும், எல்லாரும் சமம்” என்றான். பாட்டாவைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கும் அவனுக்கும் என்ன சமம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அந்த வருடம் நானே பின்னேரங்களில் தமிழில் விளக்க வகுப்பு வைத்துப் பார்த்தேன். முதல் கிழமை 8 பேர். இரண்டாம் கிழமை 3 பேர். போகக்கூடாதென்று மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள், சீனியர்களைத்தான் சொல்கிறேன். அப்புறம் வகுப்பை என் வீட்டு விறாந்தைக்கு மாற்றினேன். 11 பேர் வந்தார்கள், நன்றாக இருட்டிய பிறகு, ஒவ்வொருவராக.

வணக்கம்.