வான்கதவை எப்போது திறப்பது?

(கிளிநொச்சியில் கமக்காரர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய கமக்காரப் பெருமக்களே, நீர்ப்பாசன அலுவலர்களே, வணக்கம்.

காலநிலை மாற்றத்தின் பொருளியல் என்றதும் கரிவரி, சர்வதேச மாநாடு, பசுமை நிதி என்றே பேச்சுப் போய்விடுகிறது. அவற்றை நாம் இங்கிருந்து தீர்மானிக்கப் போவதில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவு மட்டும் நமக்கு எட்டக்கூடியது என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

வளியின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. பெய்யும் மழை கொட்டித் தீர்க்கும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது என்று சொல்லலாம். வருகிற மார்கழியில் கனகராயன் ஆறு குளத்துக்கு எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்று எவராலும் சொல்ல முடியாது. பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இல், நிகழ்தகவைக் கணக்கிடக்கூடிய இடரையும் அப்படிக் கணக்கிட முடியாத நிச்சயமின்மையையும் வேறு பிரித்தார். பழைய மழைப் பதிவேடு முதலாவதற்கு உதவும். பதிவேட்டில் இல்லாத மழை பெய்யத் தொடங்கினால் நாம் இரண்டாவதற்குள் தள்ளப்படுகிறோம்.

சிறுபோகத்துக்கு, அதாவது மழைக்காலத்துக்குப் பின் குளத்து நீரை நம்பிச் செய்யும் பயிருக்கு, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்த பின்னரே கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கிறோம். தெரிந்த பின் தீர்மானிப்பதற்கு ஒரு பெறுமதி உண்டென்பதை நம்மவர் எந்தப் பாடநூலும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். கார்த்திகை, மார்கழியில் அந்த வசதி இல்லை. குளத்தின் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டபோது, சேர்ந்த இரண்டு அடியைச் சிறுபோகத்துக்காக நிரப்பி வைப்பதா, வெள்ளத்துக்கென வெறுமையாக விடுவதா என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தக் கேள்வியின் கனத்தைக் கண்டன. யார் தவறு என்ற விவாதம் நீண்ட அளவுக்கு, எந்த விதி இருந்திருக்க வேண்டும் என்ற விவாதம் நீளவில்லை என்பது என் குறை.

கணக்கு எளியது. முன்கூட்டித் திறந்து மழை பொய்த்தால் ஏற்படும் சிறுபோக நட்டம், திறவாதிருந்து வெள்ளம் வந்தால் ஏற்படும் சேதத்தில் பத்திலொரு பங்கென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெருமழைக்கான வாய்ப்பு பதினொன்றில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ ஒன்பது சதவீதத்தைத் தாண்டியதுமே திறப்பதுதான் இலாபம். அணைக்கட்டே உடையும் சாத்தியத்தையும் சேர்த்தால் அந்த எல்லை இன்னும் கீழிறங்கும். அரிதான பேரழிவு சராசரிக் கணக்கையே கவிழ்த்துவிடும் என்று பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 2009இல் வாதிட்டது இதைத்தான்.

இந்த விதியைப் பின்பற்றினால் பதினொன்றில் பத்துத் தடவை வரை மழை வராமலே நீரை விட்டிருப்போம், அப்போதும் முடிவு சரியானதே. ஆனால் நட்டப்படுபவர் வயற்காரர், தப்பிப்பவர் ஆற்றின் கீழ்க்கரையில் குடியிருப்பவர். நட்டஈடு உறுதியில்லாமல் கதவைத் திறக்கச் சொன்னால் கமக்காரர் எதிர்ப்பார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆகவே எந்த வாரத்தில் எந்த மட்டம், விட்ட நீருக்கு ஏக்கருக்கு எவ்வளவு நட்டஈடு என்ற இரண்டையும், மழைக்காலப் பயிருக்கான காலபோகக் கூட்டத்திலேயே எழுத்தில் வைக்க வேண்டும். அந்தப் பணம் வெள்ள நிவாரணத்துக்கு ஒதுக்கும் அதே கணக்கிலிருந்து, வெள்ளம் வராத ஆண்டுகளிலும் வர வேண்டும்.