நிபுணர் கடைசியில் பேசட்டும்

அவையோருக்கு வணக்கம்.

2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி வந்த ஒருவர் ஆல்பகர்க்கி நகரில் கல்லீரல் நிபுணரைப் பார்க்க எட்டு மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைய சிகிச்சை 24 அல்லது 48 வாரம்: வாரம் ஓர் இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரைபாவிரின் மாத்திரை. தொலைதூர ஊர்க்காரர் அத்தனை முறை எப்படி வந்துபோவார்? டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய ‘எக்கோ’ திட்டம், நோயாளிக்கு ஊரிலேயே சிகிச்சை தருவதற்காக, அந்தந்த ஊர் மருத்துவரையும் செவிலியரையும் வாரந்தோறும் நிபுணர்களோடு வீடியோவில் உட்கார வைத்தது.

அங்கே நடுநாயகம் கேஸ்தான். பாடம் சிறிது நேரமே. வயது, எடை, வைரஸின் மரபு வகை, ரத்த அறிக்கை, குடிப்பழக்கம், மனநிலை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். பெயருக்குப் பதில் ஓர் எண். அறிக்கையை அப்படியே செல்போனில் படமெடுத்து அனுப்பினால் பெயரும் கூடவே போய்விடும். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் மற்ற ஊர்க்காரர்கள் கேட்கட்டும், நிபுணர் கடைசியில் பேசட்டும். பேராசிரியர் முந்திக்கொண்டால் செவிலியர் வாய் திறக்கமாட்டார். நோயாளி மாத்திரையைப் பாதியில் விட்டதோ செவிலியருக்குத்தான் தெரியும்!

ரைபாவிரினையே பாருங்கள். அது சிவப்பணுக்களை உடைக்கும். முதல் சில வாரங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கும். டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே போனால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், 8.5-க்குக் கீழே என்றால் நிறுத்தியாக வேண்டும். இதய நோயாளிக்கு நான்கு வாரத்துக்குள் 2 கிராம் இறங்கினாலே குறைக்க வேண்டும். இந்த எண்கள் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆனால் “மாடி ஏறினால் மூச்சு வாங்குது” என்று நோயாளி சொன்னதும் அன்றே ரத்தம் எடுக்கவேண்டும் என்பது, பக்கத்து ஊர் கேஸைக் காதால் கேட்டவருக்குச் சட்டென்று உறைக்கும். இன்டர்ஃபெரான் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பதால் மனநல மருத்துவரும் மருந்தாளுநரும் அதே திரையில் இருந்தார்கள்.

2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 407 நோயாளிகளின் முடிவு வந்தது. வைரஸ் நீங்கியவர்கள் நிபுணர்கள் இருந்த பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம், சிறைச்சாலைகளும் சேர்ந்த எக்கோ மையங்களில் 58.2 சதவீதம்.

இன்று ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரையே போதும். நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இதே முறையை நடத்தும்போது பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசி ஐந்து நிமிடத்தில். சொன்ன ஆலோசனையை யாரும் எழுதுவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, அடுத்த பரிசோதனை எந்தத் தேதி, யார் பொறுப்பு என நான்கையும் எழுதி அன்றே அனுப்புங்கள். சில வாரம் கழித்து அதே எண்ணுள்ள கேஸை மறுபடி திரைக்குக் கொண்டுவாருங்கள்.