வெந்நீர் வைத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டு மிஷனரிமாரைப் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். யார் எந்தக் கோயிலைக் கட்டினார், யார் எந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் என்ற பட்டியல் எனக்கு மனப்பாடம். உங்களில் பலருக்கும் அது மனப்பாடமாகவே இருக்கும். நூற்றாண்டு மலர்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு ரொம்ப நாளாகவே வேறொரு கேள்வி. இருபத்தைந்து வயதில் கப்பலேறி வந்தவருக்கு வயது அறுபது, எழுபது ஆகிறது. பல் போகிறது, முழங்கால் போகிறது. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அப்பால். அப்போது அவருக்கு இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு நாள் எப்படி விடிந்தது, எப்படி அடைந்தது? எழுப்பியது யார்? என்ன சாப்பிட்டார்? மத்தியானத்தில் வெயில் கொளுத்தும்போது எங்கே படுத்தார்?

இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் சாட்சி என் பெரியாச்சி, அதாவது ஆச்சியின் அக்காள். எழுதப் படிக்கத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு பங்களாவில் வயதான மிஸ்ஸியம்மா ஒருவருக்குச் சமையல் உதவிக்கும் மேல்வேலைக்கும் இருந்தாள். அந்த அம்மாள் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரியாச்சியும் ஒருநாளும் பெயரைச் சொன்னதில்லை, எப்போதும் "எங்க மிஸ்ஸியம்மா"தான்.

பெரியாச்சியின் நாள் நாலரை மணிக்குத் தொடங்கும். காய்ந்த பனமட்டையை ஒடித்து அடுப்பில் வைத்து, ஒரு தவலை நிறையக் குளிக்க வெந்நீர். குடிக்கிற தண்ணீர் தனி. அதைக் கொதிக்கவிட்டு, கொதித்த பிறகும் இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மண்பானையில் ஊற்றி மூடவேண்டும். அந்தத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் மிஸ்ஸியம்மா யாரையும் நம்பமாட்டாராம். நேரில் வந்து நின்று, குமிழி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பாராம். காலராவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பயந்த தலைமுறை அது. பாளையங்கோட்டையில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். கைக்குழந்தைகளின் பெயர்கள் எத்தனை என்று எண்ணினால் அந்தப் பயம் புரியும்.

ஐந்து மணிக்கு மிஸ்ஸியம்மா எழுந்து அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசிப்பார். பிறகு தேயிலைத் தண்ணீர். ரொட்டி என்றைக்காவது வரும், வராத நாளில் ஆப்பம். பல் அநேகமாகப் போய்விட்டதால் ஆப்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டு, ஓரத்தை என் பெரியாச்சிக்கு வைத்துவிடுவார். முறுகலான ஓரம் பெரியாச்சிக்கு உயிர். மத்தியானம் குழைந்த சோறும் பருப்புத் தண்ணியும், ராத்திரி சிறுபயற்றுக் கஞ்சியில் ஒரு துண்டு கருப்பட்டி. பத்து மணிக்குள் வெளிவேலை முடிந்துவிடும். பதினொன்றிலிருந்து மூன்று வரை ஜன்னல் சாத்தி, ஈரத் தட்டி தொங்கவிட்டு உள்ளேயே கிடப்பார். வெயில் தாழ்ந்ததும் வில்வண்டி கட்டி ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவது பழைய வழக்கம். முழங்கால் விட்டபிறகு வண்டி நின்றது. கிராமத்துப் பெண்கள் வராந்தாவுக்கு வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க, புருஷன் அடித்ததைச் சொல்ல, சும்மா உட்கார்ந்து வெற்றிலை போட. மிஸ்ஸியம்மாவுக்கு வெற்றிலை எச்சில் பிடிக்காது. ஆனாலும் படிக்கட்டுப் பக்கம் ஒரு மண்சட்டி வைக்கச் சொல்லிவிட்டாராம்.

அவர் பேசிய தமிழைப் பெரியாச்சி நடித்துக் காட்டுவாள். வேதப் புத்தகத்திலிருந்து கற்ற தமிழ். ஒருநாள் பாலில் வாய்வைக்க வந்த பூனையைப் பார்த்து "பூனையே, அப்பாலே போ!" என்றாராம். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அதைச் சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பெரியாச்சி சொன்ன இந்த ஒரு நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் பெரிய பெயர்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

இடையன்குடிக்குப் போயிருப்பீர்கள். திசையன்விளைப் பக்கம், தேரி மணலுக்கு அருகே, மிஷனரி கால்டுவெல் வாழ்ந்த ஊர். கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். கப்பலில் நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 1841இல் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்தார். அப்போது வயது இருபத்தேழு. நடந்து வந்த அந்த வாலிபரைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியது 1877இல் அறுபத்திரண்டு வயதில் பேராயர் ஆனவர். நாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிடுகிற வயதில் அவருக்குப் புதிய பொறுப்பு வந்தது. அதுவும் எந்த வருஷம்? தாது வருஷப் பஞ்சம் ஊரை அரித்துக்கொண்டிருந்த வருஷம். கஞ்சித்தொட்டி, நிவாரணப் பணம், பெற்றோரை இழந்த பிள்ளைகள். அந்த நெருக்கடிக்கு நான்கு வருஷம் கழித்து, 1881இல், திருநெல்வேலிச் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார். இடையன்குடிக் கோயில் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. முப்பத்துமூன்று வருஷம்! ஒரு மனிதனின் நரை முழுவதும் அந்தக் கட்டடத்தின் சாரத்தடியில் விழுந்திருக்கிறது.

அவருடைய நாள் யார் தோளில் ஓடியது? எலைசா அம்மையார் தோளில். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் தம்பதிக்குப் பிறந்த மகள். 1844இல் திருமணம். பிறந்து வளர்ந்தது நாஞ்சில் நாட்டில் என்பதால் பேச்சுத் தமிழ் அவருக்குத் தானாக வந்தது. கணவர் அதை உழைத்துச் சம்பாதித்தார். பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங் நடத்தியவர் அந்த அம்மாள். ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். லேஸ் என்று இப்போது சொல்லுகிறோமே, அதற்கு நம் பக்கத்துப் பெயர் ரேந்தை. நாலு காசு கையில் சேர்ந்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு சொல் சேரும் என்பதைப் புரிந்து செய்த வேலை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் லண்டனில் வெளியானது என்று பரீட்சைக்கு எழுதுகிறோம். அந்த வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார், தேரிக்காற்றில் பறந்து வந்த மணலைத் தாளிலிருந்து தட்டியது யார் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் சரித்திர ஆசிரியை இல்லை. 1849இல் இதே கால்டுவெல், பனையேறி வாழ்ந்த நம் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது ஜனங்களைப் புண்படுத்தியது. பின்னாளில் கண்டனம் பலமாகவே எழுந்தது. அவர் குடித்த பதனீரை இறக்கியவர்களைத்தான் அவர் குறைத்து எழுதினார். வருஷக்கணக்கில் ஒரு ஊரில் வாழ்ந்தும், கூட இருப்பவர்களைச் சரியாகப் பார்க்காமல் இருக்க முடியும். அவருடைய மற்ற உழைப்பை வைத்து இதை நான் மறைக்கமாட்டேன். இதை வைத்து அந்த உழைப்பையும் தள்ளமாட்டேன்.

1891 ஜனவரியில் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆகஸ்ட் 28ஆம் தேதி கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலின் பலிபீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள்.

கால்டுவெல் இடையில் ஊருக்குப் போய் வந்தவர். போகவே போகாத ஒருவர் டோனாவூரில் இருந்தார். ஏமி கார்மைக்கேல், அயர்லாந்துக்காரர். 1895இல் இந்தியாவுக்கு வந்தார், 1951இல் இறந்தார். நடுவில் ஒருமுறைகூடப் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்.

டோனாவூர் என்ற பெயரே ஒரு வேடிக்கை. ரேனியஸ் ஐயர் என்ற பழைய மிஷனரியின் காலத்தில் பணம் கொடுத்து உதவிய டோனா பிரபு என்ற ஜெர்மானியரின் பெயரோடு நம் 'ஊர்' ஒட்டிக்கொண்டது. ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது ஊர்ப்பெயர் இல்லை, அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்ட முறை. மற்ற இடங்களில் வெள்ளைக்காரர் என்றால் துரை, துரைசானி, மிஸ்ஸியம்மா. டோனாவூரில் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. நம் ஊர்ப் பெண்களில் மூத்தவர்கள் அக்காள். ஏமி கார்மைக்கேல் அம்மா. லண்டனிலிருந்து புதிதாக வந்து இறங்கிய டாக்டரை ஒரு நாலு வயதுப் பெண்பிள்ளை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால், அவர் எப்படித் துரையாக நடந்துகொள்ள முடியும்? நம் பலசரக்குக் கடைக்காரரை அழைக்கிற அதே சொல் அல்லவா அது!

1931 அக்டோபர் 24. அம்மாவுக்கு வயது அறுபத்துமூன்று. களக்காட்டில் மருந்து கொடுக்க ஒரு வீடு பார்த்திருந்தார்கள். அதைப் போய்ப் பார்க்கிறார். பொழுது சாய்ந்த நேரம். வேலைக்காரர்கள் ஒரு குழியைத் தவறான இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். இருட்டில் தெரியவில்லை, விழுந்து கால் முறிந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள். அன்றைய ரோட்டில், முறிந்த காலோடு. அதற்குப் பிறகு இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். 1948இல் அந்த அறையிலேயே மறுபடியும் விழுந்தார்.

அந்த இருபது வருஷத்தில் அவர் வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குத் துண்டுக் கடிதங்கள் அனுப்பினார். வராந்தாவுக்கு வரும் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் அச்சில் இருக்கிறது. நான் என் மாமியாரை நான்கு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். ஆகையால் வாசிக்கும்போது என் புத்தி வேறு பக்கம் போகிறது. யார் புரட்டிப் படுக்கவைத்தார்கள்? சித்திரை வெயிலில் வேர்க்குரு வந்த முதுகுக்கு யார் மாவு போட்டார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தபோது கூடவே முழித்திருந்த பெண் மறுநாள் எத்தனை மணிக்கு வேலைக்கு எழுந்தாள்? அவர் குழந்தையாக எடுத்து வளர்த்தவர்கள்தான் அப்போது வளர்ந்து அவரைத் தூக்கினார்கள். முதல் பிள்ளை வந்தது 1901இல். 1931 ஆகும்போது அந்தத் தலைமுறைக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. பெற்ற பிள்ளைகள் இருந்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்கள் இருக்கிற இந்த நாளில், பெறாத ஒருத்திக்கு இருபது வருஷப் பணிவிடை. தனக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை மரத்தடியில் வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

இது ஒருவழிப் பாதை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். பிறகு தோர்ணக்கல்லுக்கே குடிபோனார். அது தெலுங்கு தேசம். அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்காரருக்கு அதுவும் வெளிநாடு மாதிரிதான். மொழி வேறு, காரம் வேறு. 1912இல் அங்கே பேராயர் ஆனார், 1945 புத்தாண்டு தினத்தில் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம். எழுபது வயது. தேரிக்காட்டில் பிறந்தவருக்கு அங்கே வெந்நீர் வைத்தவர் தெலுங்கில்தான் பேசியிருப்பார்.

பெரியாச்சியின் மிஸ்ஸியம்மா இங்கே சாகவில்லை. எழுபதைத் தாண்டியதும் திரும்பி வரச் சொல்லி அவருடைய சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெரியாச்சி அவருக்கு ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டி கட்டிக் கொடுத்தாள். வில்வண்டிக்காரர், தோட்டக்காரர், போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பெரியாச்சி போகவில்லை. "அன்னைக்கு எனக்குத் துணி வெளுக்க இருந்துச்சு" என்பாள்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது, தமிழில், கோணல்மாணலான எழுத்தில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கையெழுத்துப் படிக்கிற ஆள் நான்தான் என்பதால் என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். 'இங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. ஆனாலும் அதிகாலமே கதவைத் தட்டுவார் ஒருவருமில்லை' என்று வேதத் தமிழில் எழுதியிருந்தார். பூனை ஒன்று வளர்க்கிறாராம். குளிர் எலும்புக்குள் போகிறதாம்.

பெரியாச்சி கடைசிவரை கேட்டாள். என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியாச்சி கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பல்லு கட்டிட்டாளாமாட்டி? அதப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

வணக்கம்.