ஒரு வீட்டில் வேலை நடக்கும்போதே அக்கம்பக்கத்து வீடுகளிலும் வேலை பிடிப்பது எப்படி?

[காட்சி: கோலாலம்பூர், செந்தூல் பக்கம் ஒரு பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி). டெரஸ் வீடுகள் வரிசையாக. ஒரு வீட்டு வாசலில் மணல் குவியல், பக்கத்தில் லோரி.]

வணக்கம். சொந்தமாக வீட்டு வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ரக்டர்களுக்காக இந்த வீடியோ. கிச்சனைப் பின்னால் இழுத்துக் கட்டுவது, கூரை ஒழுகல், பைப், வயரிங், டைல்ஸ், கிரில், உங்கள் தொழில் இதில் எதுவாக இருந்தாலும் சரி.

ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுகிறோம். கூப்பிடுகிறவர் காஜாங்கில் இருப்பார், நம் ஆட்கள் கெப்போங்கில் வேலையில் இருப்பார்கள். போய் அளவெடுத்துத் திரும்பவே பாதி நாள் போய்விடும். ஆனால் இப்போது வேலை நடக்கும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நாம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

[காட்சி: மேலிருந்து ஒரு வரிசை வீடுகளின் கூரைகள்.]

தாமான் வீடுகளை ஒரே மேம்பாட்டாளர், ஒரே பிளானில், ஒரே சமயத்தில் கட்டியிருப்பார். அதனால் கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் தலைகாட்டும். பழைய தாமானில் ஒரு வீட்டு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருப்பிடித்துக் காலையில் பழுப்புத் தண்ணீர் வருகிறதென்றால், பைப்பை மாற்றாத மற்ற வீடுகளிலும் அதே கதையாகத்தான் இருக்கும்.

கூரையைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவர் கூரைக்கு மேலே எழும்பும் இடத்தில், ஓடும் சுவரும் சேரும் மூட்டைத் தகடோ சிமெந்துப் பூச்சோ மூடியிருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு அந்தப் பூச்சு வெடித்துவிடும். தண்ணீர் சுவரோடு இறங்கி, மாடி அறையின் மூலையில் மஞ்சளாக வட்டம் போடும். நீங்கள் வேலை செய்யும் வீட்டுக்காரர் பக்கம் வெடித்திருந்தால், சுவருக்கு அந்தப் பக்கமும் வெடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தத் தாமானைப் பற்றி வெளி கான்ட்ரக்டருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டாரிடம் கொண்டுபோக உங்களிடம் இருக்கும் சரக்கு இதுதான்.

[காட்சி: ஒரு கான்ட்ரக்டர் கேட் பெல்லை அழுத்துகிறார். கையில் ஒரு தாள்.]

ஆனால் முதல் தடவை போகும்போது வேலை கேட்டுப் போகாதீர்கள். இதில் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். சுத்தியல் சத்தம் கேட்பதற்கு முன்னால், இரண்டு பக்கமும் நாலைந்து வீடு, எதிர்வரிசையில் சில, பின்பக்கச் சந்தில் இருக்கும் வீடுகள், இவ்வளவு பேரையும் பார்த்து, தொந்தரவு வரப்போகிறது என்று சொல்லிவிட வேண்டும். மாலை அவர்கள் வேலை முடிந்து வந்தபின் போகலாம். ஏழேகால், ஏழரை மக்ரிப் தொழுகை நேரம், அப்போது மலாய்க்காரர் வீட்டு பெல்லை அடிக்க வேண்டாம். பக்சிக், மக்சிக், அங்கிள், ஆண்ட்டி, அண்ணே, அக்கா, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று உங்களுக்கே தெரியும்.

கையில் ஒரு தாள் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். 14-ஆம் எண் வீட்டில் வரும் திங்கட்கிழமை முதல் கிச்சன் வேலை தொடங்குகிறது. உடைக்கும் வேலை முதல் நான்கு நாள் மட்டும், காலை 9 முதல் மாலை 5 வரை. ஞாயிறு வேலை இல்லை. லோரி உங்கள் கேட்டை மறைத்தாலோ, தூசி அதிகம் வந்தாலோ இந்த எண்ணுக்கு நேராக என்னை அழையுங்கள்."

கீழே உங்கள் பெயர், கைப்பேசி எண், சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு எண். விலை, தள்ளுபடி எதுவும் வேண்டாம். மலாயில் கட்டாயம் இருக்கட்டும், கூடவே ஆங்கிலம். சீனர் அதிகம் உள்ள தாமான் என்றால் தெரிந்தவரைக் கொண்டு சீனத்திலும் எழுதி வாங்குங்கள்.

சிஐடிபி எண்ணைப் போடச் சொல்வது அழகுக்காக இல்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 520-இன்படி கட்டுமானக் குத்தகையாளர் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிய ஆட்களால் மக்கள் நொந்துபோயிருக்கிறார்கள். எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலர் பேச்சே எடுப்பார்கள்.

[காட்சி: வாசலில் ரோரோ தொட்டி (இடிபாடுகளைப் போட்டு லோரியில் ஏற்றிப்போகும் பெரிய இரும்புத் தொட்டி). தொழிலாளி ஒருவர் கால்வாயிலிருந்து மணலை அள்ளுகிறார்.]

அப்புறம், வேலை நடக்கும் நாட்கள். தெரு முழுக்கப் பார்க்கும் விளம்பரம் இது. மணல் கால்வாயில் இறங்கி, அடுத்த மழையில் பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கினால், எவ்வளவு நல்ல தாள் கொடுத்திருந்தாலும் பயனில்லை. வீட்டுக் குப்பை லோரி இடிபாடுகளை அள்ளாது. ரோரோ தொட்டி எடுங்கள், உரிமம் உள்ளவரிடம் எடுங்கள். கோலாலம்பூரில் திடக்கழிவுச் சட்டம் 672, 2011 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. கண்ட இடத்தில் கொட்டினால் வழக்குதான். சிமெந்து கலக்கும் தொட்டி, பெயின்ட் வாளி எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. டிங்கிக்குப் பயந்த பக்கத்து வீட்டார் சுகாதார இலாகாவுக்கு போன் போட்டால் அது அவர் தப்பில்லை.

தினமும் சாயங்காலம் ஒரு ஆள் தெருவைக் கூட்டட்டும். வீட்டுக்காரர் வாசலை மட்டும் இல்லை, இரண்டு பக்கத்து வாசலையும் சேர்த்துத்தான்.

[காட்சி: கூரை மேலிருந்து கைப்பேசியில் எடுத்த படம். நகர்ந்துபோன இரண்டு ஓடுகள்.]

சரி, வேலையைப் பற்றி எப்போது பேசுவது? உடைக்கும் வேலை முடிந்து, சத்தம் அடங்கி, செய்தது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது. கூரை மேல் ஏறியபோது பக்கத்து ஓடு நகர்ந்திருந்தது கண்ணில் பட்டதா? அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: "அங்கிள், நேத்து மேலே ஏறினப்போ உங்க பக்கம் ரெண்டு ஓடு நகர்ந்திருந்துச்சு. படம் இருக்கு, பாருங்க. இப்போதைக்குப் பழைய இடத்துக்கே நகர்த்தி வச்சா போதும். நீங்க சரின்னா எங்க பையன் இறங்குறதுக்கு முன்னாடி செஞ்சிடுவான், காசு வேணாம்."

அவர் சம்மதிக்காமல் அவர் கூரையில் கால் வைக்காதீர்கள். பெரிய கோளாறாக இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சின்ன வெடிப்பைக் காட்டி "வீடு இடிஞ்சிடும்" என்று வயதானவர்களைப் பயமுறுத்தி வேலை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் அம்மாவிடம் அப்படிப் பேசிப் பணம் வாங்குவது பாவம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அவங்களுக்கு எவ்வளவுக்குச் செஞ்சீங்க?" வீட்டுக்காரரின் கணக்கை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. "அது அவங்க விஷயம் அங்கிள், உங்க வீட்டை அளந்து தனியா எழுதித் தர்றேன்" என்று சொன்னால், நாளைக்கு அவர் கணக்கையும் வெளியே சொல்ல மாட்டீர்கள் என்று அவருக்கே புரியும். ஆனால் இரண்டு வீட்டாரும் எப்படியும் பேசிக்கொள்வார்கள். ஒரே வேலைக்கு ஆளைப் பார்த்து விலை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீர்கள். கோர்னர் வீட்டுக்குக் கூடுதல் சுவர், கூடுதல் வேலை என்றால் அதைத் தாளிலேயே காட்டுங்கள். விலை குறைக்க நியாயமான இடமும் ஒன்று உண்டு. சாரம் ஏற்கனவே நிற்கிறது, லோரி எப்படியும் வருகிறது. அந்தச் செலவில் மிச்சமாவதைக் குறைத்துக் கொடுங்கள்.

[காட்சி: கேட்டில் ஒரு சிறிய பலகை. பிறகு, தெரு விளக்குக் கம்பத்தில் கிழிந்து தொங்கும் பழைய பேனர்.]

வீட்டுக்காரர் சம்மதித்தால் கேட்டுக்கு உள்ளே ஒரு சின்னப் பலகை வைக்கலாம். படம் எடுக்கவும் அவரிடம் கேட்க வேண்டும். விளக்குக் கம்பத்திலும் மரத்திலும் கட்ட வேண்டாம். பொது இடத்தில் விளம்பரம் வைக்க டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) அனுமதி தேவை. தாமான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எண்களை எடுத்து எல்லாருக்கும் அனுப்புவதும் வேண்டாம். 2010-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இலிருந்தே நடப்பில் இருக்கிறது. அதைவிட, எண்ணை எடுத்தவர் யார் என்று குழுவில் ஒருவர் கேட்டால், உங்கள் வீட்டுக்காரர் அங்கே தலைகுனிய வேண்டிவரும். அவராகவே குழுவில் இரண்டு படம் போட்டு "நல்லா செஞ்சாங்க" என்று எழுதினால் போதும்.

[காட்சி: கொண்டோமினிய லிப்ட்.]

கொண்டோ என்றால் பக்கத்து வீடு என்பது மேலும் கீழும்தான். கதவு கதவாகப் போவதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறை ஒழுகல் அங்கே தீராத தலைவலி. 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைகள்படி, புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மேல் வீட்டிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இது பல குடியிருப்பாளர்களுக்குத் தெரியாது. எடுத்துச் சொன்னால் அவர்களுக்கும் உதவி, வாட்டர்புரூஃபிங் செய்பவருக்கு வேலையும் அங்கேதான்.

[காட்சி: ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். வீட்டு எண்கள், பக்கத்தில் குறிப்புகள்.]

எல்லாரும் உடனே சரி என்று சொல்ல மாட்டார்கள். "16: மாடி மூலையில் ஈரம், போனஸ் வந்தபின் பார்க்கலாம் என்றார்", "21: ஹரிராயாவுக்கு முன் பெயின்ட்" என்று எழுதி வையுங்கள். சீனப் புத்தாண்டு, ஹரிராயா, தீபாவளி, மூன்றுக்கும் முன்னால் வீடு புதுப்பிக்கும் அவசரம் வரும். கடைசி மாதத்தில் நல்ல ஆள் கிடைக்காது. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே அந்த நோட்டைத் திறந்து, 14-ஆம் எண் வீட்டுக் கூரை மழையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிற அன்றைக்கே, 16-லும் 21-லும் பெல்லை அழுத்துங்கள்.