இந்தக் களிமண் சிமெண்டுக்கு ஆகுமா?

(திரையில்: மூன்று நிறக் களிமண் கட்டிகள்)

இந்த மூன்றில் எது சிமெண்டில் சேர்க்க உதவும்? வெள்ளை மண்தான் என்று கை நீளும். நிறத்தை நம்பாதீர்கள். சூடாக்கி எடை பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கு டிஜிஏ என்று பெயர்.

(திரையில்: கருவியின் உட்புறம்)

ஒரு சின்ன உலை, அதோடு இணைந்த மிக நுண்ணிய தராசு. கிண்ணத்தில் சில பத்து மில்லிகிராம் மண்தூள் போதும். நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடு ஏறும். எடை குறையக் குறையக் கோடு இறங்கும்.

(திரையில்: இறங்கும் கோடு)

100 டிகிரியை ஒட்டிப் போவது வெறும் ஈரம். அதை விடுங்கள். 400க்கும் 600க்கும் நடுவே வரும் இறக்கம்தான் முக்கியம். கயோலினைட் என்ற கனிமத்தின் கட்டமைப்பிலேயே இருக்கும் ஹைட்ராக்சில், நீராக மாறி வெளியேறும் இடம் அது. சுத்தமான கயோலினைட் தன் எடையில் சுமார் 14 சதவீதத்தை இப்படி இழக்கும். அப்படியானால் 7 சதவீதம் இழக்கும் மண்ணில் ஏறத்தாழ பாதி கயோலினைட்.

அந்தப் பாதி கூட வேண்டாம், 40 சதவீதமே போதும். பீங்கான் தொழிலுக்கு ஆகாது என்று சுரங்கத்து ஓரத்தில் கொட்டிய மண்ணுக்கும் இதனால் மதிப்பு வருகிறது!

சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த எல்சி3 சிமெண்ட் இதை நம்பித்தான் நிற்கிறது: உலையில் சுட்டெடுக்கும் சிமெண்டின் மூலக்கட்டியான கிளிங்கர் 50 பங்கு, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்தின் லொசான், கியூபாவின் சான்டா கிளாரா, நம் டெல்லி, மும்பை, சென்னை ஐஐடிகள் எல்லாம் சேர்ந்து வளர்த்த கலவை. 2023இல் ஐஎஸ் 18189 என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது.

(திரையில்: 980 டிகிரியில் கூர்மையான முகடு)

சரி, மண்ணை எவ்வளவு சூட்டில் சுடுவது? பொதுவாக 700 முதல் 850 டிகிரி. கூடுதலாகச் சுட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. 980 டிகிரி வாக்கில் எடை அசையாது, ஆனால் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கோட்டில் ஒரு முகடு எழும்பும். மண் மறுபடி படிகமாகிறது, வினைபுரியும் திறன் போய்விடுகிறது. தராசு மட்டும் இருந்தால் இது கண்ணில் படாது.

அப்புறம், தண்ணீர் கலந்து 28 நாள் ஆன சிமெண்டையும் தூளாக்கி இதே கருவியில் வைக்கலாம். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு 400க்கும் 500க்கும் நடுவே சிதையும். சுட்ட மண் அதைத் தின்றிருந்தால் இறக்கம் சிறிதாக இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். தூளைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் அதையே தின்று கார்பனேட்டாக்கும், பெயர் மண்ணுக்குப் போகும். சாதாரண சிமெண்டில் 600க்கு மேல் வரும் கார்பனேட் இறக்கம் அதைக் காட்டிக்கொடுக்கும். எல்சி3இல் நாமே சுண்ணாம்புக்கல் போட்டிருக்கிறோமே, அதுவும் கார்பனேட்தானே, இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதனால் ஐசோப்ரொப்பனாலில் ஊறவைத்து வினையை நிறுத்தி, உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி, சீக்கிரமே சோதித்துவிடுங்கள்.