ஒண்ட வந்த பிடாரி

தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வாழ்த்துரையைச் சுருக்கி எனக்கு நேரம் விட்டுவைத்த சுகாதார ஆய்வாளர் அவர்களே, தக்காளிக் கூடைகளை விட்டுவிட்டு வந்திருக்கும் சந்தை வியாபாரிகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு சோப்புக்கட்டி கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

கிருமி உடம்புக்குள் நுழைவது, ஒட்டிக்கொள்வது, ஒளிந்துகொள்வது என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். நம் குடலிலும் ஊர்ப் பிடாரிகள் உண்டு. இடத்தையும் இரையையும் நல்ல பாக்டீரியாக்கள் வளைத்துப் போட்டிருப்பதால், புதிதாக வருகிற கிருமிக்குத் திண்ணைகூட எளிதில் கிடைப்பதில்லை. அதற்கும் முன்னால் இரைப்பையில் அமிலம் காவல் நிற்கிறது. விழுங்கிய காலராக் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே சாகின்றன. தப்பியவை சிறுகுடலின் சுவரை மயிர்போன்ற இழைகளால் பற்றிக்கொள்கின்றன.

டைபாய்டு இன்னும் கள்ளத்தனமானது. என் மச்சானுக்கு வந்தது. காய்ச்சல் விட்டு எழுந்ததும் நேரே பஸ் நிலையத்துப் போண்டாக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். "காய்ச்சலுக்கு முதல் நாள் உன் கடையில்தான் தின்றேன், மருந்துச் செலவைக் கொடு!" கடைக்காரர், "அண்ணா, அதே சட்டியில்தான் நானும் தின்றேன்" என்றார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் சமாதானத்துக்கு ஒரு தட்டில் இரண்டு போண்டா வைத்தார். மச்சான் கை கழுவாமலே தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்!

அக்காள் நாட்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணினாள். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். போண்டா நிரபராதி. இரண்டு வாரத்துக்கு முன் அவர் சந்தையில் ஆடு விற்றுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு களி உருண்டையைப் பிசைந்து தின்றிருக்கிறார். அங்கே குடித்த தண்ணீரோ, பரிமாறிய கையோ, அவருடைய கையேதானோ, எதில் வந்தது என்று யார் சொல்வது?

குடல் சுவரைத் துளைத்துப் போகும் அந்தக் கிருமி, தன்னை விழுங்க வந்த வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. மறுபடியும் ஒண்ட வந்த பிடாரிதான்! ஒளிந்துகொள்வது பற்றி நிறையச் சொல்லலாம். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

களி ஸ்பூனில் தின்கிற பண்டமா? ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்கு வந்துவிட்டது, சந்தை வாசலுக்கு வரவில்லை. நான்கு குழாய், நான்கு சோப்பு, கழிவுநீர் ஓட ஒரு கால்வாய், இவ்வளவுதான் கேட்கிறோம். வியாபாரிகள் கையெழுத்துப் போட்ட மனு இதோ. தலைவர் அவர்களே, பேனாவும் நானே கொண்டுவந்திருக்கிறேன்.