ராகி காத்திருக்கும், மொச்சை காத்திருக்காது

(பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தை மாதத்தில், மகளிர் குழுவினரும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

களத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டில் ராகி எந்த மாதம் தீரும்? மொச்சை எந்த மாதம் தீரும்? அடித்துத் தூற்றி வைத்த ராகி அடுத்த அறுவடை வரைக்கும் வருகிறது. மொச்சையும் அவரையும் பங்குனியைத் தாண்டுவதில்லை. தின்று தீர்த்தோமா என்றால் அதுவும் இல்லை. பாதி வண்டுக்குப் போகிறது, மீதியை வண்டுக்குப் பயந்து விற்றுவிடுகிறோம்.

சரி, இதற்கும் பிள்ளைகள் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் புரதம் ஏழு கிராம் அளவுதான். அந்தப் புரதத்திலும் பிள்ளைகள் வளரத் தேவையான லைசின் என்ற சத்து குறைவு. மொச்சை, அவரை, துவரை, கொள்ளு எல்லாவற்றிலும் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு சத்து ராகியில் இருக்கிறது. ஒன்றில் இல்லாததை இன்னொன்று கொடுக்கிறது. ராகிக் கொல்லையில் நடுநடுவே ஒரு சால் அவரை, ஒரு சால் துவரை விட்ட பெரியவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டதில்லை. ஆனால் களியும் மொச்சைக் குழம்பும் அந்த ஒரே கொல்லையிலிருந்துதான் வந்தன.

கொல்லையில் ஒன்றாக விளைந்ததை வீட்டுக்கு வந்த பிறகு பிரித்துவிடுகிறோம். ராகி மணி சின்னது. ஒரு வண்டு உள்ளே புகுந்து வளர அதில் இடமில்லை. அதனால்தான் குழியில் கொட்டி மூடி வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். பயறு அப்படியில்லை. வண்டு நம் வீட்டில்தான் வந்து சேர்கிறது என்று நினைக்கிறோம். கொல்லையில் காய் முற்றும்போதே அதன்மேல் முட்டை வைத்துவிடுகிறது. நாம் அந்த முட்டையோடுதான் மூட்டை கட்டுகிறோம். ஒரு பெண் வண்டு எண்பது, நூறு முட்டை வைக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். மொச்சையில் வட்டமாக ஓட்டை தெரிகிறது என்றால் புழு உள்ளேயிருந்து தின்று முடித்து, வண்டாகிப் பறந்துவிட்டது என்று பொருள்.

என் அம்மா ஒரு தகர டின் நிறைய அவரை வைத்திருந்தார். சித்திரையில் திறந்தால் உள்ளே மாவும் தோலும்தான். அம்மா அதை முறத்தில் போட்டுப் புடைத்து, தேறியதைப் பொறுக்கி எங்களுக்குக் குழம்பு வைத்தார். அவர் தட்டில் களியும் புளித்தண்ணியும்தான் இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தால் தாங்கவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணம் பல. வீட்டில் பயறு குறைந்தால் கடைசியாகச் சாப்பிடுகிறவர் தட்டில்தான் முதலில் குறையும் என்பதும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கிறோம், விலை இறங்கிவிடுகிறது. ஆடியில் அதையே கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிறோம். நம் மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி தருகிறார்கள், நல்ல காரியம். ஒரு கிலோ துவரம்பருப்பும் கிடைக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம். அது போதுமா?

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதலில் பயறை நன்றாகக் காயவைக்க வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்கக்கூடாது, 'டக்'கென்று உடைய வேண்டும். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, உடைத்துப் பருப்பாக வைப்பது நம் வழக்கம். முழுப் பயறைவிட உடைத்த பருப்பை வண்டு அதிகம் அண்டாது. முழுசாக வைக்க வேண்டுமென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றைப் புழுக்களே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும், அப்புறம் அவை பிழைக்காது. பாதி டிரம் நிரப்பினால் பலனில்லை. நடுவில் திறந்து திறந்து பார்த்தாலும் பலனில்லை.

வண்டு மாத்திரையை வீட்டு மூட்டைக்குள் போடுகிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். பிள்ளைகள் படுக்கிற அறையில் அது இருக்கவே கூடாது.

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வண்டைவிடப் பூஞ்சணம் மோசம். மழையில் நனைந்ததைக் குவித்து வைத்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வருகிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது முழுக்கப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்டால் பாலில் திரும்பி வரும். பூத்துப்போன கடலையை எண்ணெய்க்கு ஆகும் என்று ஒதுக்கி வைக்காதீர்கள், குழிதோண்டிப் புதையுங்கள்.

சாமையைப் பற்றி ஒரு வார்த்தை. மில்லில் வெள்ளையாகத் தீட்டச் சொல்லாதீர்கள். உமி மட்டும் போனால் போதும். தவிட்டோடு இருக்கிற சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் பதினைந்து நாளைக்கு ஆனதை மட்டும் குத்தி வாங்குங்கள்.

மேடைக்குக் கீழே இரண்டு டிரம் இருக்கிறது, பக்கத்தில் ஒரே கொல்லையில் விளைந்த மொச்சை மூட்டை. ஒன்றை விளிம்பு வரை நிரப்பப் போகிறோம், இன்னொன்றைப் பாதி. இரண்டையும் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் இதே இடத்தில் உங்கள் முன்னால் திறப்போம். மூடியை நான் இறுக்குவதைவிட நீங்களே இறுக்குவது நல்லது. முன்வரிசையில் இருக்கிற அக்கா, கொஞ்சம் வாருங்கள்.